குளிரே கத்தியாகும் வைத்தியம்



நுவரெலியாப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இராத்திரி உறைபனி விழுந்தால், மறுநாள் வெயில் ஏறியதும் கொழுந்து நெருப்பில் வாட்டினது போலக் கருகிப்போகும். இலைக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸாகி, இலையின் நுண்ணிய அறைகளை உடைத்துவிடுவதால்தான் இப்படி ஆகிறது. நம் அலுவிகாரைப் பக்கம் அவ்வளவு குளிர் இல்லை என்பதால் மிளகும் கொக்கோவும் நன்றாக வருகின்றன.

செடிக்குக் கேடு செய்யும் இதே குளிரை, மனித உடம்பில் நோயுள்ள இடத்தில் மட்டும் வைத்து வைத்தியம் செய்கிறார்கள். நெஞ்சு வியாதிக்கும் நரம்பு வலிக்கும் இது பயன்படுகிறது. “உறைய வைக்கப் போறாங்களாம்” என்று கேட்டவுடனே பயந்து ஆஸ்பத்திரியை விட்டு ஓடிவரக் கூடாது என்பதற்காகவே இதை விளக்குகிறோம்.

இது எப்படித் தொடங்கியது?

1850ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஜேம்ஸ் ஆர்னட் என்ற டாக்டர், ஐஸும் உப்பும் கலந்து புற்றுநோய்க் கட்டிகளின் மேல் வைத்து வலியைக் குறைத்தார். ஐஸில் உப்புப் போட்டால் குளிர் இன்னும் கூடும். ஆனால் அந்தக் கலவையைத் தோலுக்கு மேலேதான் வைக்க முடியும், உடம்புக்குள்ளே கொண்டுபோக முடியாது.

1961இல் நியூயார்க்கில் ஏர்விங் கூப்பர் என்ற மூளைச் சத்திர சிகிச்சை நிபுணர் இதற்கு ஒரு வழி கண்டார். மெல்லிய குழாய் ஒன்றுக்குள் திரவ நைதரசனை ஓடவிட்டார். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிர் உள்ளது. குழாயின் உடல் முழுவதும் குளிராமல், நுனி மட்டும் குளிரும்படி அதைச் செய்திருந்தார்கள். கைநடுக்க நோயாளிகளின் மூளையில் நடுக்கத்துக்குக் காரணமான சிறு இடத்தை இந்த நுனியால் உறைய வைத்தார். இன்றைய கருவிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

குளிர் எங்கிருந்து வருகிறது?

இன்று பல கருவிகளில் நைதரஸ் ஒட்சைட் வாயு பயன்படுகிறது. மயக்கம் கொடுக்கப் பயன்படும் ‘சிரிப்பு வாயு’தான் அது. சிலிண்டரில் அமுக்கி வைத்த வாயுவை ஊசித் துவாரம் போன்ற சின்ன ஓட்டை வழியாக விடுவார்கள். நெருக்கத்திலிருந்து விடுபட்டு விரியும்போது அது சடாரென்று குளிர்ந்துபோகும். இப்படிக் கருவியின் நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே 50, 60 பாகைக்கு மேலும் இறங்கும். வாயு உடம்புக்குள் போவதில்லை. ஒரு குழாயால் வந்து இன்னொரு குழாயால் வெளியே போய்விடும்.

நுனியின் வடிவம் ஏன் முக்கியம்?

அலுவிகாரைக் குகை விகாரையில் ஓலையில் எழுதிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தாணி முனை சரியாக இருந்தால்தான் ஓலை கிழியாமல் எழுத்து விழும். இந்தக் கருவியும் அப்படித்தான். எந்த உறுப்பில் என்ன வேலை என்பதைப் பார்த்து நுனியைச் செய்ய வேண்டும்.

முதலில் இருதயத்தைப் பார்ப்போம். இருதயம் சீராக அடிக்க ஒரு மின்சாரத் துடிப்பு ஒழுங்கான பாதையில் ஓட வேண்டும். சிலருக்கு மேல் அறைகளில் இந்தத் துடிப்பு கண்டபடி சுற்றும். நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு வாங்கும். இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரும். 1987இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கொக்ஸ் என்ற சத்திர சிகிச்சை நிபுணர், மேல் அறைகளில் கத்தியால் பல கோடுகள் வெட்டித் தைத்தார். ஆறிய தழும்பைத் தாண்டி மின்துடிப்பு போகாது. காட்டுத் தீ பரவாமல் தோட்ட எல்லையில் பாதை வெட்டுவது போன்ற வேலை இது. பிற்பாடு அந்த வெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலாகச் சூட்டாலோ குளிராலோ கோடு போடத் தொடங்கினார்கள்.

தீப்பாதையில் ஒரு முழம் விட்டுப்போனாலும் நெருப்பு தாண்டிவிடும் அல்லவா? இருதயச் சுவரோ வளைவும் மேடுபள்ளமும் உள்ளது. நேர்க் கம்பியை வைத்தால் நடுவில் இடைவெளி விழும். ஆகவே டாக்டர் தன் கையாலேயே வளைத்துக்கொள்ளக் கூடிய உலோக நுனிகளைச் செய்தார்கள். நெஞ்சைத் திறக்காமல், தொடை இரத்தக் குழாய் வழியாக உள்ளே அனுப்பி ஊதச் செய்யும் குளிர் பலூனும் வந்தது. 2010இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது.

குளிரில் இன்னொரு நன்மையும் உண்டு. கொஞ்சமாகக் குளிர்வித்தால் அந்த இடம் தற்காலிகமாக மட்டும் வேலையை நிறுத்தும். தவறான இடம் என்று தெரிந்தால் உடனே சூடேற விட்டு, பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். சரியான இடம் என்றால் மேலும் குளிர்வித்து நிரந்தரமாக்குவார்கள். ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மூச்சு விட உதவும் நரம்பு ஒன்று இருதயத்தின் பக்கத்தில் ஓடுகிறது. குளிர் அதில் பட்டுவிடாதபடி அதைச் சோதித்துக்கொண்டேதான் பலூன் சிகிச்சையைச் செய்கிறார்கள்.

நரம்பும் கவ்வாத்தும்

நரம்பில் நடப்பது வேறு. கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடி மொட்டையாக நின்றாலும் தண்டும் வேரும் இருப்பதால் திரும்பத் துளிர்க்கிறது. நரம்பை உறைய வைத்தால் உள்ளே வலிச் செய்தி கொண்டுபோகும் இழை அறுந்துபோகும், வெளி உறை அப்படியே இருக்கும். அந்த உறைக்குள்ளேயே புது இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளரும். அதுவரை சில வாரங்களோ சில மாதங்களோ வலி குறைந்திருக்கும்.

ஒக்ஸ்போர்டில் ஜோன் லொயிட் என்பவரும் கூட்டாளிகளும் 1976இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். நெஞ்சைத் திறந்து செய்யும் சிகிச்சைக்குப் பின் இருமவும் முடியாத வலி இருக்கும். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளை உறைய வைத்தால் அது குறையும். இந்த வேலைக்கு உருண்டை நுனி வசதியாக இருக்கும். சில வாரங்களோ சில மாதங்களோ மரத்துப்போன மாதிரி இருக்கும். சிலருக்குப் பிறகு எரிச்சல் வலியும் வரலாம். ஆகவே டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் தந்த பாடம்

இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு தொடங்கி 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாசலை, வினாகிரி அமிலம் தடவிப் பரிசோதித்தார்கள். புற்றுநோயாக மாறக் கூடிய இடம் தெரிந்தால், பயிற்சி பெற்ற தாதிமாரே குளிர்க் கருவியால் உறைய வைத்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த கிராமங்களில் கருப்பை வாசல் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வந்த மரணம் 35 சதவீதமும் குறைந்தன. இருதயத்துக்கு வளையும் நுனி, கருப்பை வாசலுக்குத் தட்டையான நுனி, தத்துவம் ஒன்றே.

நாம் செய்ய வேண்டியது என்ன?

பிள்ளைக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து, பிறகு மூட்டு வீங்கினால் “சளிதானே” என்று விட்டுவிடாதீர்கள். அது வாதக்காய்ச்சலாகி இருதய வால்வைக் கெடுக்கலாம். பின்னாளில் படபடப்பு நோய்க்கும் அதுவே வழி விடும். டாக்டர் பெனிசிலின் ஊசி தொடர்ந்து போடச் சொன்னால் ஒரு முறையும் தவறவிடக் கூடாது. ஒருநாள் பேர் போய்விடும் என்று பார்த்தால் பிள்ளையின் இருதயம் போய்விடும்.

மலை ஏறும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலும், நெஞ்சு தாறுமாறாக அடித்தாலும் தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லி மாத்தளை பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். தேவையானால் கண்டிக்கு அனுப்புவார்கள். 35 வயதான பெண்கள் நலமுள்ள பெண்கள் கிளினிக்கில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருத்துவமாதுவிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்லுவார். 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இந்தப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு மறுப்புச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஐஸும் உப்பும் சேர்த்து வீட்டில் மருவுக்கோ முழங்கால் வலிக்கோ வைத்துப் பார்க்காதீர்கள். உறைபனி கொழுந்தைக் கருக்குவது போல அது தோலைக் கருக்கிவிடும்.