அலமாரியில் பார்க்கர், விரலில் யார்?

பீபாப் என்ற ஜாஸ் பாணியில் கிடார் பழக வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்பதுதான். பதிலுக்குப் பஞ்சமில்லை. ஜேமி எபர்சோல்ட் 1967-ல் தொடங்கிய, கூடவே வாசித்துப் பழகும் ரெக்கார்டு வரிசை நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது. டேவிட் பேக்கரின் 'ஹவ் டு பிளே பீபாப்' மூன்று பாகம். சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரின் சோலோக்களை எழுத்தில் இறக்கிய 'ஓம்னிபுக்' 1978 முதல் கிடைக்கிறது. ஜோ பாஸ் எழுதியது தனி. இவை போதாதென்று பி.டி.எஃப்.களும் யூடியூப் பாடங்களும் கொட்டிக் கிடக்கின்றன. ஹார்டு டிஸ்க் நிரம்புகிறது. வாசிப்பில் மட்டும் பீபாப் வந்தபாடில்லை.

வெஸ் மான்ட்கோமரியிடம் இதில் எதுவும் இருக்கவில்லை. இருபது வயதை ஒட்டித்தான் அவர் கிடாரில் தீவிரமாக இறங்கினார். ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரியாது. இண்டியானாபொலிஸில் உட்கார்ந்துகொண்டு சார்லி கிறிஸ்டியனின் ரெக்கார்டுகளைத் தேயத் தேயக் கேட்டார்; அந்த சோலோக்களை அச்சுப் பிசகாமல் விரலுக்குக் கொண்டுவந்தார். உள்ளூர் கிளப்பில் முதல் வேலை கிடைத்ததே அவற்றை அப்படியே வாசித்துக் காட்டியதால்தான். பகலில் தொழிற்சாலை, இரவில் கிளப் என்று வருடக்கணக்கில் ஓடிய அந்த மனிதரின் 1960-ஆம் ஆண்டு ஆல்பத்தைத்தான் இன்று உலகமெங்கும் மாணவர்கள் நோட்டு நோட்டாகப் பிரித்து மேய்கிறார்கள்.

அவர் பிடித்த ஆளும் சரியான ஆள். நியூயார்க்கின் ஹார்லெமில், மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப்பில், 1941-ல் கிறிஸ்டியன் விடிய விடிய வாசித்ததை ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் கையோடு கொண்டுபோன கருவியில் பதிவு செய்தார். அடுத்த மார்ச்சில் கிறிஸ்டியன் காசநோயில் இறந்தார், 25 வயதில். அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பீபாப் உருத்திரண்ட வருடங்கள் பெரும்பாலும் பதிவாகாமலே போயின. அந்த இருட்டுக்கு முன்னால் கிடைத்த வெளிச்சம் ஒரு கிடார்காரருடையது என்பது கிடார் மாணவர்களின் அதிர்ஷ்டம். ஆனால் அவர்களில் பாதிப் பேர் அந்தப் பதிவுகளை முழுசாகக் கேட்டதில்லை.

புத்தகங்கள் வீண் என்பதல்ல. பேக்கர் பிரபலப்படுத்திய 'பீபாப் ஸ்கேல்' சமாச்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஜி7 கார்டுக்கு ஜி, எஃப், இ, டி, சி, பி, ஏ என இறங்கினால் ஏழு நோட்டு. நான்கு பீட், பீட்டுக்கு இரண்டு நோட்டு என்று ஓட்டினால் பீட்டின் மேல் ஜி, இ, சி, ஏ விழுகின்றன. கார்டுக்குச் சொந்தமானது முதல் ஜி மட்டுமே. ஜிக்கும் எஃப்புக்கும் நடுவில் ஓர் எஃப் ஷார்ப்பைச் செருகினால் நோட்டு எட்டாகிறது. பீட்டுகளில் ஜி, எஃப், டி, பி என்று கார்டின் நான்கு நோட்டுகளும் கச்சிதமாக உட்கார்கின்றன. அடுத்த ஆவர்த்தம் மறுபடி ஜியிலேயே தொடங்குகிறது. அரைப் பக்கத்தில் விளங்கிவிடும் விஷயம். ஆனால் அதை அப்படியே ஏற்றி இறக்கினால் சரளி வரிசை மாதிரிதான் ஒலிக்கும். எங்கே நுழைவது, எந்த நோட்டை அழுத்துவது, எதை விழுங்குவது என்பதெல்லாம் ரெக்கார்டில்தான் இருக்கிறது.

உண்மையான வில்லன் புத்தகமும் இல்லை, டேப். எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண் போட்டுக் காட்டும் முறை அது. கிடாரில் ஒரே நோட்டுக்குப் பல வீடு. முதல் கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் இ, இரண்டாம் கம்பியின் 5-ஆம் ஃப்ரெட்டிலும் மூன்றாவதின் 9-லும் நான்காவதின் 14-லும் இருக்கிறது. பியானோகாரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால் யாரோ போட்ட எண்ணை நம்பி விரலை வைக்கிறவர், அவருடைய விரல் வசதியையோ அவசரத்தையோ கடன் வாங்குகிறார். எண் தவறினால் அந்தத் தவறும் பிரதிக்குப் பிரதி பயணம் போகிறது. அதைவிட மோசம், கண் வேலை செய்யும்போது காது ஓய்வெடுத்துக்கொள்கிறது. மனோதர்மம் வேண்டும் என்று வந்தவர் எண் கூட்டுகிறார். எழுத்துத் துணை இல்லாமல் ஆரம்பநிலை மாணவர் திணறி விட்டுவிடுவார் என்று வாதிடும் ஆசிரியர்களும் உண்டுதான்.

இந்த விஷயத்தில் டெட்ராய்ட்டில் பிறந்த பேரி ஹாரிஸின் வகுப்பு வேறு ரகம். அவர் பியானோகாரர், ஆனாலும் கிடார்காரர்கள் மொய்த்தார்கள். பியானோவில் உட்கார்ந்தபடி ஸ்கேலை எங்கே தொடங்கி எங்கே திருப்புவது என்று வாயால் சொல்லிக்கொண்டே போவார். கூட்டம் கேட்டு வாசிக்க வேண்டும். 2021-ல், 91 வயதில் காலமாகும்வரை கற்பித்தலை அவர் விடவில்லை. இன்று பட் பவலின் பியானோ உருப்படிகளை ஒற்றைக் கிடாரில் வாசிக்கும் இத்தாலியர் பஸ்குவாலே கிராஸோ அவரிடம் பாடம் கேட்டவர். ஹாரிஸ் வகுப்புகளின் வீடியோக்கள் இணையத்தில் நிறைய கிடைக்கின்றன.

வசதிக்கும் குறைவில்லை. அந்தக் காலத்தில் வேகமான இடத்தைப் பிடிக்க ரெக்கார்டைப் பாதி வேகத்தில் சுற்றவிடுவார்கள். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிப்போகும். இப்போது யூடியூபிலேயே சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கலாம்.

பார்க்கர் என்றதும் 'கோ-கோ'வில் கை வைக்கிறவர்கள்தான் அதிகம். நிமிடத்துக்கு 300 பீட்டை ஒட்டி ஓடும் அந்த உருப்படியில் முட்டிக்கொண்டு கிடாரை மூட்டை கட்டுவதைவிட, அது பதிவான அதே நாளில், 1945 நவம்பர் 26-ல், பதிவான 'நௌஸ் தி டைம்'-ஐ எடுத்துக்கொள்ளலாம். எஃப்பில் அமைந்த பன்னிரண்டு ஆவர்த்த ப்ளூஸ், நிதான நடை. முதலில் சோலோவை வாயால் பாடிப் பழகி, பிறகு கம்பியில் தேடி, கடைசியாக ஓம்னிபுக்கைத் திறந்து ஒத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துவராத இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ரெக்கார்டை இன்னொரு தடவை போட வேண்டியதுதான்.