அடக்கமே அலங்காரம்

சென்ற ஆவணி மாதத்தில் நாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். முகூர்த்த நேரத்தில் மண்டபத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டியபோது, எங்கு பார்த்தாலும் ஜரிகை மயம். மின்சார விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டாலும் அந்தப் புடவைகளின் வெளிச்சத்திலேயே தாலி கட்டி முடித்துவிடலாம் போலிருந்தது. ஆண்பிள்ளைகள் மட்டும் சளைத்தவர்களா? வேஷ்டியின் கரை ஒரு சாண் அகலம்; சட்டையோ மாப்பிள்ளையையே நாணச் செய்யும் பளபளப்பு.

அச்சமயம் வாசலில் ஓர் அம்மாள் வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு அறிந்தோம். அவர் உடுத்தியிருந்தது அரக்கு நிறத்தில் ஒரு கைத்தறி நூல் புடவை. கடுகு நிறத்தில் இரண்டு விரல் அகலக் கரை. ஜரிகை என்ற பேச்சே இல்லை. மெல்லிய கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தார். கழுத்தில் ஒற்றைச் சங்கிலி. அவ்வளவுதான். ஆயினும் அவர் நடந்து வந்த வழியெல்லாம் பேச்சு ஒரு கணம் நின்றது. அத்தனை பட்டுக்கும் நடுவில், “யார் அந்த அம்மாள்?” என்று நாலு பேர் கேட்டது அவர் ஒருவரைப் பற்றித்தான்.

நம் வீட்டு அம்மாள் சும்மா இருப்பாரா? பந்தியில் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டு புடவையின் ஜாதகத்தையே விசாரித்துவிட்டார். விலை ஆயிரத்து இருநூறு ரூபாய். வாங்கி ஏழு வருஷம் ஆகிறதாம்!

அதே கல்யாணத்தில் நமது நண்பர் ஒருவரும் குடும்பத்துடன் வந்திருந்தார். நல்ல மனிதர், மாதச் சம்பளக்காரர். வீட்டில் ஐந்து பேருக்கும் புதுத் துணி எடுத்திருந்தார். விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது நம்மைத் தனியே அழைத்து ஒரு விஷயத்தைச் சொன்னார். அந்தத் துணிகளுக்காக அவருடைய மனைவியின் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்திருந்தார். அது அந்த அம்மாளுக்குத் தாயார் போட்டு அனுப்பிய சங்கிலி. “நாலு பேர் பார்க்கும் இடம். வேறென்ன செய்வது?” என்றார்.

நாலு பேர் பார்த்தார்கள் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அவர்கள் பார்த்தது அரக்குப் புடவையை அல்லவா? இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது நண்பரின் அந்த ஒரு வார்த்தையே.

மேனாட்டாரின் புதுக் கண்டுபிடிப்பு

அடக்கமாக உடுத்துவதே உயர்ந்த நாகரிகம் என்று மேனாட்டில் 2023-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பெரும் பேச்சுக் கிளம்பிற்று. ‘குவைட் லக்ஷுரி’ என்று அதற்குப் பெயர். சட்டையின் மார்பில் கம்பெனியின் சின்னம் இருக்கக் கூடாது. கண்ணைப் பறிக்கும் வர்ணம் கூடாது. துணி மட்டும் முதல் தரமாகவும், தையல் உடம்போடு பொருந்தியும் இருக்க வேண்டும். இதுவே அதன் சாரம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சின்னமில்லாத சட்டையின் விலை சின்னமுள்ள சட்டையைவிட அதிகமாய்ப் போய்விட்டது! சத்தம் போடாமல் இருப்பதற்கும் அங்கே காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் இந்தப் பாடம் புதியதல்ல. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தி மகான் முழு உடையைத் துறந்து முழத்துண்டை ஏற்றார். அதே கோலத்தில் 1931-ஆம் ஆண்டு லண்டன் அரண்மனைக்குச் சென்று சக்கரவர்த்தியையும் சந்தித்தார். ஆனால் அது ஏழைகளை எண்ணிச் செய்த பெருந்துறவு. அதை உடை நாகரிகம் என்று சொல்வது அபசாரமாகும். குடும்பஸ்தர்களாகிய நமக்கு வேறோர் உதாரணம் பொருத்தமானது.

1936-ஆம் ஆண்டு கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் அழகைத் துறந்தவர் அல்லர், அழகைத் தேர்ந்தெடுத்தவர். பழைய புடவைகளின் கரைகளையும் வர்ணங்களையும் தேடி எடுத்து, கலாக்ஷேத்திரத்தின் நெசவுக் கூடத்தில் மறுபடியும் நெய்யச் செய்தார். இன்றும் ‘கலாக்ஷேத்திரப் புடவை’ என்றால் அகன்ற கரையும், உடலுக்கும் கரைக்கும் உள்ள வர்ணப் பொருத்தமுந்தான் ஞாபகத்துக்கு வரும். மினுமினுப்பு ஞாபகத்துக்கு வராது. பகட்டு வேறு, அழகு வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

துணியை அறிவது எப்படி?

குறைந்த செலவில் நிறைந்த அழகு வேண்டுவோர் முதலில் செய்ய வேண்டியது, துணியைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்வது. கடைக்காரர் விரித்துக் காட்டும்போது நம்மில் பெரும்பாலோர் முந்தானையைப் பார்க்கிறோம், உடலைப் பார்ப்பதில்லை. முந்தானை பிறர் கண்ணுக்கு. உடல் நம் உடம்புக்கு.

நூலுக்கு நம்பர் உண்டு. 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை ஆகிறதோ, அதுவே அந்த நூலின் நம்பர். எனவே, நம்பர் ஏற ஏற நூல் மெலிதாகும். 40-ஆம் நம்பர் நூலில் நெய்தது கனமாக, தினசரி உழைப்புக்கு ஏற்றதாக இருக்கும். 80, 100 என்று போனால் மென்மை கூடும். உடுத்தினால் உடம்போடு படிந்து விழும். சபைக்கு ஒரு நூல் புடவை வேண்டுமென்றால் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். கேட்கத் தெரிந்தவரிடம் கடைக்காரரும் சற்று மரியாதையாகவே நடந்துகொள்கிறார்.

பருத்தி என்று சொல்லிச் செயற்கை இழையைத் தலையில் கட்டுவதும் உண்டு. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பருத்தி, காகிதம் எரிவதுபோல் மணத்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

கதர் என்பதும் கைத்தறி என்பதும் ஒன்றல்ல. கையால் நூற்ற நூலைக் கையால் நெய்தால் கதர். கைத்தறிக்கு மில் நூலும் ஆகும். நெசவு மட்டும் கையால் நடக்க வேண்டும். விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று விற்பாரும் இருப்பதால், 2006-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ‘ஹேண்ட்லூம் மார்க்’ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நலம். 1935-ஆம் ஆண்டு தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவு நிறுவனத்தின் கடைகளில், பண்டிகைக் காலத் தள்ளுபடியைக் காத்திருந்து வாங்கினால் பைக்கும் இதம்.

நம் ஊர்ச் சரக்குகளிலேயே தேர்வு செய்ய எத்தனை தினுசு! காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையில் மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று கட்டங்கள் கம்பீரமாக நிற்கும். 2019-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மதுரைச் சுங்குடியில் சௌராஷ்டிர மக்கள் துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்துப் புள்ளிகளை உண்டாக்குகிறார்கள். இப்போது அச்சுக் குத்திய சுங்குடியே மலிந்துவிட்டது. முடிச்சுப் போட்டதானால் புள்ளி ஒவ்வொன்றும் சிறிது வேறுபட்டிருக்கும். அந்த வேறுபாடு குறையன்று. மனிதக் கையின் கையெழுத்து.

கணக்கும் கவனிப்பும்

இனிக் கணக்குக்கு வருவோம். பன்னீராயிரம் ரூபாய்க்கு ஒரு புடவை வாங்குகிறோம். ‘போன கல்யாணத்திலும் இதுதானே?’ என்று யாரேனும் சொல்வார்களோ என்ற பயத்தில் நாலு தடவையோடு அது பெட்டிக்குள் போய்விடுகிறது. தடவைக்கு மூவாயிரம் ரூபாய் ஆயிற்று. ஆயிரத்தைந்நூறு ரூபாய்ப் புடவையை எழுபத்தைந்து தடவை உடுத்தினால் தடவைக்கு இருபது ரூபாய். மலிவு எது, விலை உயர்ந்தது எது என்பதைக் கடைச் சீட்டு சொல்லாது, பெட்டிதான் சொல்லும்.

வர்ணங்களை நாலைந்துக்குள் அடக்கிக்கொள்வது மற்றொரு யுக்தி. அரக்கு, கருநீலம், இலைப்பச்சை, சந்தனம், வெள்ளை என்று வைத்துக்கொண்டால், இரண்டு மூன்று ரவிக்கைகளே எல்லாப் புடவைகளுக்கும் மாறி மாறிப் பொருந்தும். புடவை தோறும் ஒரு ரவிக்கை தைக்கும் கூலி மிஞ்சும். அந்தக் கூலியை நல்ல தையற்காரரிடம் கொடுத்து ஒரே ரவிக்கையை அளவாகத் தைத்துக்கொள்ளலாம். ஆண்களின் சட்டைக்கும் இதுவே விதி. தோள் தையல் தோள் எலும்பின் நுனியில் விழ வேண்டும். அது முழங்கை நோக்கி இறங்கியிருந்தால், துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் இரவல் சட்டை போலவே தோன்றும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பெரியோர் சொன்னதில் ‘கசக்கி’ என்ற சொல்தான் முக்கியம். புதிய வர்ணத் துணியை முதலில் தனியே குளிர்ந்த நீரில் அலச வேண்டும். உட்புறம் வெளியே இருக்கும்படி திருப்பி, நிழலில் உலர்த்த வேண்டும். சாதம் வடித்த கஞ்சியை நீர்க்கக் கலந்து முக்கி எடுத்து, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் பழைய புடவையும் நிமிர்ந்து நிற்கும். பட்டுப் புடவையைப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காய்க் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் ஒடிந்துவிடும். பாச்சை உருண்டை ஜரிகையின் மேல் படாமல் இருப்பதும் அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேலான கடை ஒன்று உண்டு. அது தாயாரின் பழைய பெட்டி. மல்லிமொக்கு, ருத்திராட்சம், கோபுரக் கரை என்று அக்காலத்துப் புடவைகள் அதில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. காஞ்சீபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலுக்கும் இரு கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் நெய்பவரோடு துணைக்கு இன்னொருவரும் உட்கார வேண்டும். அவ்வளவு உழைப்பில் பிறந்த பொருளைப் பெட்டியில் பூட்டிவிட்டு, இரவல் மினுக்குக்காகக் கடன் வாங்குவது என்ன நியாயம்?

தறிக்குப் பின்னால் இருப்பவர்கள்

நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கவலைப்படும் நாம், நம்மைப் பாராமல் நமக்காகத் தறிக்குழியில் கால் மிதிக்கும் மனிதர்களையும் சற்று நினைக்க வேண்டும். 2019-20-ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஈடுபட்டிருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி கல்கத்தாவில் சுதேசி இயக்கம் முழங்கிய நாளை, 2015-ஆம் ஆண்டு முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட்டம் நல்லதுதான். நெசவாளியின் அடுப்பு எரிவதோ மற்ற நாட்களிலும் நாம் வாங்கும் துணியினால்.

கைத்தறி எப்போதும் மலிவாகக் கிடைக்கும் என்று நாம் சொல்லமாட்டோம். கையுழைப்புக்குக் கூலி உண்டு, உண்டாக வேண்டும். மூன்று மட்டமான துணிகள் வாங்கும் பணத்தில் ஒரு நல்ல துணி வாங்கி, மூன்று மடங்கு காலம் உடுத்துங்கள் என்பதே நமது யோசனை. அழகாக உடுத்த ஆசைப்படுவது குற்றமன்று. மணப்பெண் பட்டு உடுத்துவதை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு வேளை விருந்துக்காக, தாய் கொடுத்த சங்கிலியை இரும்புப் பெட்டிக்கு அனுப்புவது அழகைச் சேர்ந்ததல்ல.

சென்ற வாரம் அந்த நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். வட்டியோடு சேர்த்துப் பாதிக்கு மேல் அடைத்துவிட்டாராம். இந்தத் தீபாவளிக்குக் குழந்தைகளுக்கு மட்டும் புதுத் துணி என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. தை மாதம் அவருடைய மைத்துனர் வீட்டில் கல்யாணம். அதற்குள் சங்கிலியை மீட்டுவிட வேண்டும் என்பது திட்டம்.

“கல்யாணத்துக்கு என்ன புடவை?” என்று நம் வீட்டு அம்மாள் கேட்டார்.

“அம்மா பெட்டியில் பச்சையில் ஒரு கோர்வைப் புடவை இருக்கிறது. கரையில் இரண்டு இடத்தில் தைக்க வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு, இந்தச் சங்கிலியையும் போட்டுக்கொண்டால் போதாதா?” என்றாராம் அவர் மனைவி.

போதும், தாராளமாய்ப் போதும்.

அந்தக் கல்யாணத்துக்கு நமக்கும் அழைப்பு உண்டு. அவசியம் போவதாக இருக்கிறோம்.