ஒரு மகரத்தின் பாரம்

'நேரம் இருந்தால் பேசுவோம்' என்றாலும் 'நாளைக்குப் பேசுவோம்' என்றாலும் நம்முடைய வினைச்சொல் ஒன்றேதான். நிபந்தனையின் பாரத்தை 'இருந்தால்' என்னும் சொல்லே சுமந்துகொள்வதால், 'பேசுவோம்' தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் அவசியம் நேர்வதில்லை. இத்தாலியரோ அந்தப் பாரத்தை வினையின் ஈற்றிலும் ஏற்றிவிடுகிறார்கள். நிச்சயமாகப் பேசுவோம் என்னும் சங்கற்பத்தைப் 'பர்லெரேமோ' என்றும், இன்னது கூடினால்தான் பேசுவோம் என்னும் எண்ணத்தைப் 'பர்லெரெம்மோ' என்றும் சொல்லுகிற அவர்களுடைய எழுத்தில், இரண்டுக்கும் உள்ள பேதம் ஒரேயொரு மகர ஒற்றுத்தான்.

பலியையும் பல்லியையும் செவியாலேயே பிரித்தறிகிற நமக்கு இது விந்தையாகத் தோன்றாது. முன்னதைப் பர்-லெ-ரே-மோ என்றும், பின்னதைப் பர்-லெ-ரெம்-மோ என்றும் அசை பிரிக்க வேண்டும். இரட்டித்த மெய்களில் முதலாவது முன்னசையை மூடிவிடுவதனால் அங்கே உயிர் குறுகுகிறது. அம்மூடுதல் இல்லாத 'ரே'யில் அது நீண்டு ஒலிக்கிறது. ஆனால், நீ பேசுவாய் என்பதற்குரிய 'பர்லெரெஸ்தி'யில் ஸகரத்தையும் தகரத்தையும் பிரிக்காமல், பர்-லெ-ரெ-ஸ்தி என்று சேர்த்தே எழுதுவது அவர்களுடைய மரபு.

அழுத்தம் விழும் ஸ்தானத்தை இந்த நிபந்தனை வடிவங்களில் எழுத்து காட்டுவதில்லை. எனினும் 'நான்' என்றாலும் 'அவர்கள்' என்றாலும் அது ரகரத்தோடு கூடிய அந்த எகரத்தை விட்டு அகலுவதேயில்லை. அவன் பேசுவான் என்பது 'பர்லெரெப்பே'. அதில் வரும் பகரத்தைக் கம்பன் என்னும் பெயரிலுள்ள பகரம்போல மென்மையாக ஒலிக்க வேண்டும். அவர்கள் பேசுவார்கள் என்பது 'பர்லெரெப்பெரோ'. ஈற்றயல் அசையை அழுத்தியே பழகிவிட்ட மாணவன், இங்கும் அவ்வாறே 'பெ'யை அழுத்திப் பிழைபடுகிறான். இச்சொல்லிலோ அழுத்தம் ஈற்றிலிருந்து மூன்றாம் அசையில் நிற்கிறது. இத்தகைய சொற்களை 'வழுக்குவன' என்னும் பொருள்பட 'ஸ்துருச்சோலா' என்று அந்நாட்டு இலக்கணிகள் அழைப்பர்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. பிற்கால லத்தீன் பேச்சுவழக்கில், 'பேச' என்பதோடு 'கொண்டிருந்தான்' என்னும் பொருளுடைய வேறொரு வினை வந்து ஒட்டிக்கொண்டதால் பிறந்ததே இவ்வடிவம். அந்த வினை, 'எப்பே', 'எப்பெரோ' என்ற உருவங்களில் இத்தாலிய மொழியில் இன்றும் தனித்து வழங்குகிறது. இரண்டிலும் அழுத்தம் முதல் எகரத்தின்மேல்தான். ஆகவே 'பர்லெரெப்பெரோ' என்று சொல்லும் இத்தாலியன், அறிந்தோ அறியாமலோ, இரண்டு சொற்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அழுத்துவது இரண்டாவது சொல்லின் முதலெழுத்தை.