வாய்க்காலின் கடைசி வயலுக்கும் நீர் சேர வேண்டும்

பெரும்போகத்துக்கான மழை தொடங்குவதற்கு முன்னர், கிழக்கு மாகாணத்தின் நீர்ப்பாசனத் திட்டங்கள்தோறும் ஒரு கூட்டம் நடைபெறுவது வழக்கம். பத்திரிகைகளின் உட்பக்கங்களில் நான்கு வரிச் செய்தியாக வந்து மறையும் இக்கூட்டத்தைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் என அரச ஆவணங்கள் குறிப்பிடுகின்றன. கன்னக் கூட்டம் என்பதும் அதற்குரிய பெயராகும். நகரத்து வாசகர்களுக்கு இது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு போகத்தின் விளைச்சல் மாத்திரமன்றி, ஒரே திட்டத்தில் நீர் பெறும் தமிழ், முஸ்லிம், சிங்கள விவசாயிகளிடையே நிலவும் நல்லுறவும் பெருமளவில் இக்கூட்டத்திலேயே தங்கியுள்ளது.

மாவட்டச் செயலாளர் அல்லது பிரதேச செயலாளர் தலைமை தாங்க, திணைக்கள உத்தியோகத்தர்களும் விவசாயிகளின் பிரதிநிதிகளும் இதில் ஒன்றுகூடுவர். குளத்தில் உள்ள நீரின் அளவைக் கொண்டு எத்தனை ஏக்கரில் செய்கை பண்ணலாம் எனத் தீர்மானிக்கப்படும். வாய்க்கால் துப்புரவு செய்யும் திகதி, முதல் நீர் திறக்கும் திகதி, விதைப்பின் இறுதித் திகதி, விதைக்க வேண்டிய நெல்லினத்தின் வயது, கால்நடைகளை வயற்பிரதேசத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டிய திகதி, கடைசி நீர் விநியோகம் ஆகிய யாவும் இங்கேயே முடிவாகும்.

இத்திகதிகளுக்கு ஏன் இத்துணை முக்கியத்துவம் என்ற கேள்வி எழலாம். மூன்று மாத நெல் விதைத்தவரின் பக்கத்து வயலில் மற்றொருவர் நான்கு மாத நெல்லை, அதுவும் இரண்டு வாரம் பிந்தி விதைத்தால், அந்த ஒரு வயலுக்காக வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முந்தி விளைந்த வயல் அறுவடைக்குக் காய்ந்திருக்க வேண்டிய வேளையில் ஈரமாகிவிடும். ஒரு வயலில் பெருகிய பூச்சிகள் இளம்பயிர் நிற்கும் அடுத்த வயலுக்குத் தாவும். முந்தி அறுத்த வயலில் மேயவிட்ட மாடுகள் பிந்திய பயிரை அழிக்கும். அதிலிருந்தே வாய்த்தர்க்கமும் வழக்கும் பிறக்கும். நெற்செய்கை தனி ஒருவரின் தொழில் அன்று. கண்டம் முழுவதும் சேர்ந்து செய்யும் தொழில் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கூட்டத்தில் எடுத்த முடிவை வயலில் நிறைவேற்றுபவர் வட்டவிதானை ஆவார். இப்பொறுப்பு நீண்ட வரலாறு உடையது. இராஜகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டதையடுத்து, குளங்களையும் வாய்க்கால்களையும் பராமரித்த கூட்டு உழைப்பு தளர்ந்தது. அதன் தீய விளைவை உணர்ந்த ஆங்கிலேய அரசு, பழைய வழமைகளுக்கு மீண்டும் சட்ட வலுவளிக்கும் பொருட்டு 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமாரின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்கு இடமளித்தது. சட்டங்கள் மாறியபோதும் கிழக்கில் வட்டவிதானை என்ற பெயரும் பணியும் நிலைத்து நிற்கின்றன.

எனினும் சட்டம் மாத்திரம் கடைசி வயலுக்கு நீர் கொண்டுசெல்வதில்லை. இதற்குக் கல்லோயாத் திட்டமே சிறந்த பாடம். இங்கினியாகலையில் அமைந்த சேனாநாயக்க சமுத்திரத்தின் இடதுகரை வாய்க்காலில், மேற்பகுதியில் சிங்களக் குடியேற்றவாசிகளும் கீழ்ப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகளும் பயிர் செய்கின்றனர். மேலே இருப்பவர் வேண்டிய மட்டும் நீரை எடுத்துக்கொள்ள, கீழே இருப்பவர் ஏமாற்றமடைவதே வழமையாயிருந்தது. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக அங்கு அனுப்பின. அவர்கள் வீடு வீடாகச் சென்று, ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறுவோரைச் சிறு குழுக்களாக ஒன்றுசேர்த்தனர். விவசாயிகள் தாமாகவே வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீரைப் பங்கிட்டனர். மிச்சம் பிடித்த நீரைக் கீழே உள்ளோருக்கு அனுப்பினர்.

இதன் பயன் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1997ஆம் ஆண்டின் சிறுபோகத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவ்வாண்டு குளத்தில் நீர் குறைவாக இருந்தமையால், இடதுகரையில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நிலத்தில் நெல் செய்யவே அதிகாரிகள் அனுமதித்தனர். விவசாயிகளோ இருக்கும் நீரை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதென முடிவுசெய்து, ஏறத்தாழ 65,000 ஏக்கரிலும் பயிரிட்டு, வழமையிலும் சிறந்த விளைச்சலைப் பெற்றனர். கீழ்ப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கும் நீர் உரிய முறையில் சென்றடைந்தது. துப்பாக்கிகள் பேசிய காலத்தில் வாய்க்கால்கள் மனிதரை இணைத்தன என்பது நாம் மறக்கக் கூடாத உண்மையாகும்.

இன்று நிலைமை வேறு விதமாக மாறி வருகிறது. அறுவடை இயந்திரம் வந்த பின்னர், ஊர் கூடிக் கதிர் அறுத்ததும் களவெட்டியில் பொலி கூட்டியதும் பெரிதும் பழங்கதையாகிவிட்டன. பல இடங்களில் காணிக்குரியவர் பட்டினத்தில் வாழ, குத்தகைக்காரரே வயலில் இறங்குகிறார். இந்நிலையில், விவசாயிகள் யாவரும் ஒரே இடத்தில் கூடிப் பேசும் சந்தர்ப்பமாக எஞ்சியிருப்பது ஆரம்பக் கூட்டம் ஒன்றே. அதுவும் மேடையில் அதிகாரிகள் வாசிக்க, கீழே சிலர் கையுயர்த்தும் சடங்காகச் சுருங்குமாயின், இழப்பு நெல்லோடு நின்றுவிடாது. விவசாயிகளைக் கேளாமல் எடுக்கும் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே கைவிடப்பட்ட தடை நமக்குக் காட்டியது.

எனவே, ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னதாக ஒவ்வொரு வயல்வாய்க்கால் மட்டத்திலும் விவசாயிகள் கூடிப் பேச வழிசெய்ய வேண்டும். குத்தகைக்குச் செய்வோரும் பெண் விவசாயிகளும் அங்கு குரலெழுப்ப இடமிருக்க வேண்டும். சிங்களம் பேசும் உத்தியோகத்தர் நடத்தும் கூட்டங்களில் தமிழ்மொழி பெயர்ப்பு உறுதிசெய்யப்பட வேண்டும். மேய்ச்சல் தரைகளை ஒதுக்காமல், கால்நடைகளை அப்புறப்படுத்தத் திகதி மாத்திரம் குறிப்பதில் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சு வாய்க்காலின் தலைப்பிலிருந்து அன்றி, அதன் கடைசி வயலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வயலுக்கு நீர் சேர்ந்தால், இடையில் உள்ள எல்லா வயல்களுக்கும் நீர் சேர்ந்தது என்பது உறுதி.