தண்ணீரில் மூச்சுத் திணறும் மீன்

பனையேறிக் கெண்டை இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை ஏரி, கண்மாய், வயல் வாய்க்கால்களில் வாழும் நன்னீர் மீன். மரமேறும் என்று சொல்லப்படுவதால் இந்தப் பெயர் பெற்றது. அதைவிட வியப்பானது, நீர்மட்டத்துக்கு வரவிடாமல் தடுத்தால் இது தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும் என்பது. இந்திய விலங்கியலாளர் பி. கே. தாஸ் 1927-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது.

காரணம் தலைக்குள் இருக்கிறது. செவுள்களுக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு காற்றறைகள். ஒவ்வொன்றிலும் மெல்லிய எலும்புத் தகடுகள் மடிந்து மடிந்து அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் மேல் இரத்த நுண்குழாய்கள் நிறைந்த சவ்வு. மேலே வந்து வாயால் பிடிக்கும் காற்று இங்கே தங்கி இரத்தத்தில் கலக்கிறது. இந்த மீன் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதியைக் காற்றிலிருந்தும் மீதியை நீரிலிருந்தும் எடுப்பதை 1970-இல் ஹியூஸ், சிங் இருவரும் அளந்து காட்டினர். கரியமில வாயுவோ பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேறுகிறது.

செவுள்கள் சிறுத்திருப்பதும் குறையல்ல. காற்றறையில் ஆக்சிஜன் ஏற்ற இரத்தம் நேரே உடலுக்குப் போவதில்லை; இதயத்துக்குத் திரும்பி மறுபடி செவுள் பக்கம் வருகிறது. கோடையில் வற்றிய குட்டையின் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. செவுள் பெரிதாக இருந்தால் சேர்த்ததெல்லாம் நீரில் கசிந்துவிடும்.

குட்டை வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து கிடக்கும், அல்லது வேறு நீர் தேடி நடக்கும். முள் விளிம்புள்ள செவுள் மூடிகளை விரித்துத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி நகர்வதே அதன் நடை.

மரமேறும் கதைக்குத் தரங்கம்பாடியே மூலம். அங்கிருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், குளக்கரைப் பனையில் நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததை 1791-இல் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் அதை வெளியிட்டது. மரத்தில் கிடைக்கும் மீன்கள் காகமும் பருந்தும் கொத்திப் போய் நழுவவிட்டவை என்பது தாஸின் விளக்கம். பெரும்பாலான மீன்களுக்கு அதுவே பொருந்தும். ஆனால் டால்டார்ஃப் சொன்னது ஏறிக்கொண்டிருந்த மீனை.

இன்று இந்த மீனைக் கவலையோடு கவனிப்பது ஆஸ்திரேலியா. நியூ கினியை ஒட்டிய அதன் போய்கு, சைபாய் தீவுகளுக்கு இது வந்து சேர்ந்துவிட்டது. விழுங்க வரும் மீன், பறவைகளின் தொண்டையில் செவுள் மூடி முள் சிக்கிக்கொள்ளும் என்பதால், பெருநிலத்துக்குள் நுழையாமல் தடுக்கக் கண்காணிக்கிறார்கள்.