வாட் அல்ல, வெப்பநிலை

சால்டரிங் அயர்ன் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, எத்தனை வாட் என்பதைத்தான். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு 25 வாட் போதும், அதற்கு மேலே போனால் ஐ.சி. கருகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கருக்குவது வாட் அல்ல. வெப்பநிலையும், அது பாகத்தின் மேல் நிற்கிற நேரமும்தான். கட்டுப்பாடு இல்லாத 25 வாட் அயர்னை ஸ்டாண்டில் வைத்தால், உள்ளே வரும் சக்தியும் காற்றில் போகும் வெப்பமும் சமமாகும் வரை அது சூடேறிக்கொண்டே இருக்கும். வெள்ளீயம் 63, ஈயம் 37 பங்கு கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதை வைத்து வேலை செய்ய அயர்னின் முனையான பிட்டில் 320 முதல் 350 டிகிரி வரை இருந்தால் போதும். சும்மா கிடக்கும் அயர்ன் அதைத் தாண்டிவிட்டால் பிட் கறுக்கும். கறுத்த பிட்டில் சால்டர் பிடிக்காமல் உருண்டு ஓடும்.

அதே அயர்னை போர்டில் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்த எர்த் காலில் வைத்தால் கதை தலைகீழ். செம்பு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட 25 வாட்டுக்கு வலு இல்லை. சால்டர் கூழாக நிற்கும். உருகட்டும் என்று அழுத்திப் பிடித்தால் பேட் போர்டைவிட்டு உரிந்து வரும். 60, 70 வாட்டில் வெப்பக் கட்டுப்பாடு உள்ள சால்டரிங் ஸ்டேஷன், தொட்ட கணமே சக்தியைக் கூட்டி, சாதாரண இணைப்பை இரண்டு மூன்று விநாடியில் முடித்துவிடும். அதிக வாட் அயர்ன்தான் இங்கே பாகத்துக்குப் பத்திரம்.

ஆனால் கைப்பிடியில் திருகு இருந்தாலே கட்டுப்பாடு இருப்பதாகிவிடாது. மலிவான பலவற்றில் அந்தத் திருகு மின்சக்தியைக் கூட்டிக் குறைக்குமே தவிர, பிட் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வெல்லர் நிறுவனத்தின் மேக்னாஸ்டாட் அயர்ன் இந்தக் குறையை அழகாகத் தீர்த்தது. பிட்டின் அடியில் உள்ள உலோகத் துண்டு குறிப்பிட்ட சூட்டில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். உடனே சுவிட்ச் விடுபடும், ஆறியதும் மறுபடி சேரும். ஹக்கோ நிறுவனத்தின் டி12 வகையில் ஹீட்டரும் சென்சாரும் பிட்டுக்குள்ளேயே இருக்கின்றன. செம்பு வெப்பத்தை இழுத்து பிட் ஆறுவது அங்கேயே அளக்கப்படுவதால் ஈடுகட்டத் தாமதமில்லை.

எப்போதாவது ஒரு ஒயர் ஒட்டுகிறவருக்கு ஸ்டேஷனுக்குச் செலவழிப்பது வீண் என்பது சரி. அவருக்குச் சாதாரண அயர்ன் போதும். போர்டு வேலை செய்கிறவர் ஸ்டேஷன் வாங்கும்போது, மாற்று பிட் எளிதில் கிடைக்குமா என்று விசாரிப்பது முக்கியம். பிளக்கைக் கழற்றிவிட்டு பிட்டுக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து, இணைப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். ஊசி முனையைவிட, 2 மில்லிமீட்டர் அளவில் உளி முனையே நன்றாகத் தொட்டு வெப்பம் தரும். செம்பால் ஆன பிட்டின் மேல் இரும்பு முலாம் இருப்பதால் அரத்தால் தேய்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் கொஞ்சம் சால்டர் பூசிய பிறகே அணைக்க வேண்டும்.