காய வைத்தால் கிருமி சாகுமா?

கருவாடும் உப்புக்கண்டமும் ஏன் எளிதில் கெடுவதில்லை? “ஈரம் இல்லாததால்” என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். அது சரியான விடைதான். ஆனால் பாதி விடை. மீதிப் பாதியை வட அமெரிக்காவில் வீட்டிலேயே செய்யப்படும் ஓர் உணவு நமக்குக் கற்றுத் தருகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் பெற்றவர்கள் ‘கனடா கூஸ்’ எனப்படும் பெரிய காட்டு வாத்தை வேட்டையாடுகின்றனர். அதன் நெஞ்சுக்கறியை மெல்லிய பட்டைகளாக அரிந்து, உப்பிலும் மசாலையிலும் ஊறவைத்து, உலர்த்தி ‘ஜெர்கி’ செய்கின்றனர். தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் உலர்ந்த இறைச்சியைக் குறிக்கும் ‘சார்கி’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

கோழியின் நெஞ்சுக்கறி வெளிறியிருக்கும். காட்டு வாத்தின் நெஞ்சுக்கறியோ கருஞ்சிவப்பாக இருக்கும். நெடுந்தொலைவு பறக்கும் தசைகளுக்கு உயிர்வளி நிறையத் தேவை. அதைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதமே அந்நிறத்தைத் தருகிறது. இக்கறியில் கொழுப்பும் குறைவு. கொழுப்பு சரியாக உலராது. காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அதனால் தோலையும் கொழுப்பையும் முதலிலேயே நீக்கிவிடுவர்.

பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். பாக்டீரியா பெருக அந்த நீர் வேண்டும். உப்பு, சவ்வூடு பரவல் மூலம் நீரை வெளியே இழுக்கிறது. உலர்த்தும்போது எஞ்சிய நீரில் பெரும்பகுதி ஆவியாகிறது. 4 கிலோ இறைச்சி சுமார் 1 கிலோ ஜெர்கியாகச் சுருங்கிவிடும்.

ஆனால், பெருகாமல் தடுப்பது வேறு, கொல்வது வேறு. உலர்த்தும் கருவியின் வெப்பநிலை 60 பாகை செல்சியஸ் என்றாலும் இறைச்சி உடனே அந்தச் சூட்டை எட்டாது. வியர்வை ஆவியாகும்போது நம் உடல் குளிர்வதுபோல, நீர் ஆவியாகும் வரை இறைச்சியும் குளிர்ந்தே இருக்கும். அது உலர்ந்து சூடேறுவதற்குள், உயிர்பிழைத்த பாக்டீரியாவும் உலர்ந்து வெப்பத்தைத் தாங்கும் திறன் பெற்றுவிடும். ஈரமாக இருக்கும்போதுதான் வெப்பம் அவற்றை எளிதில் கொல்லும்.

இது வெறும் ஏட்டுப்பாடம் அன்று. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வீட்டில் செய்த மான் இறைச்சி ஜெர்கியால் 11 பேர் ஈ.கோலி ஓ157 தொற்றுக்கு ஆளாயினர்.

அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை, ‘முதலில் சூடு, பிறகு உலர்த்தல்’ என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறது:

1. இறைச்சியில் சிக்கிய வேட்டைக் குண்டுத் துணுக்குகளை அகற்றி, சுமார் 6 மில்லிமீட்டர் கனத்தில் அரிய வேண்டும்.
2. குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஊறவிட வேண்டும்.
3. பறவை இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியஸை எட்டும் வரை வேகவைத்து, வெப்பமானியால் சோதிக்க வேண்டும்.
4. பிறகு 55 முதல் 60 பாகையில் உலர்த்த வேண்டும். வளைத்தால் விரிசல் விட வேண்டும், இரண்டாக ஒடியக்கூடாது.

ஆறிய ஜெர்கியைக் காற்றுப் புகாத கலனில் அடைத்தால் இரண்டு வாரம் வரை வெளியே வைக்கலாம். அதற்கு மேல் வைத்திருக்கக் குளிர்பதனப் பெட்டியே பாதுகாப்பானது. திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை அது மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும்.

இனி விடையை முழுமையாகச் சொல்லுங்கள்: வெப்பம் கிருமியைக் கொல்கிறது; உலர்த்தல் அது மீண்டும் பெருகாமல் காக்கிறது.